நாலாவது ஸ்க்ரூ

"ஏம் பாய், எழுபது வளைவு ஏறி வந்தது வேலை பாக்கறதுக்கா, வாந்தி எடுக்கறதுக்கா?"

மலைமேலிருந்த மிளகு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அர்த்தனாரி ஆரம்பித்துவிட்டார். கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த மெக்கானிக் முபஷிர் நிமிரவில்லை.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து பஸ் பார்சலில் வந்த புது ஹார்ட் டிஸ்க். மாட்டியாயிற்று. திரையோ பழைய டிஸ்க்கை மட்டுமே காட்டியது. புதிதாக ஒருத்தர் வந்திருப்பதே அதற்குத் தெரியவில்லை.

தாமரைச்செல்வி சுவரோரம் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, பெட்டியிலிருந்த காகிதத்தில் படம் பார்த்து அவளே அந்த டிஸ்க்கை மாட்டிப் பார்த்திருந்தாள். கேபிள் போக மறுத்தது, அழுத்தினாள். வேலைக்கு ஆகவில்லை. கழற்றி, பழையபடி பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் மூடியின் நாலு ஸ்க்ரூவில் ஒன்று மட்டும் எங்கோ உருண்டு போயிருந்தது.

சங்கத் தலைவர் ராசப்பன் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னனுங்க. படிச்ச புள்ளைன்னு சேத்துனீங்க. அது கை வெச்சு ஏதாச்சும் கெட்டிருந்தா, இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பீரோணும், ஆமா."



முபஷிர் டிஸ்க்கின் பின்னாலிருந்த ஜம்பர் என்ற குட்டி இணைப்பை மாற்றிப் போட்டான். கேபிளை மாற்றினான். ஊஹூம். டிஸ்க்கைக் கழற்றி டார்ச் அடித்தான். வரிசையாக நின்ற கம்பி முட்களில் ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தது.

"என் தப்புங்க," என்றான். "சொருகறப்ப நாந்தான் வளைச்சுட்டேன்."

அர்த்தனாரி பிடித்துக்கொண்டார்.

"உரல்ல உலக்கை போடற மாதிரி குத்துனா வளையாம என்ன பண்ணும்? உன்னையெல்லாம் மெக்கானிக்குன்னு எவன் சொன்னான்? போயி மாட்டுக்கு லாடம் அடி, போ."

பத்து நிமிஷம் ஓயவில்லை. கடைசியில் ராசப்பனுக்கே பாவமாகிவிட்டது.

"உடுங்க, சின்ன முள்ளுதானுங்களே," என்று டீ குடிக்க எழுந்து போனார்.

முபஷிர் காலி பேனா ரீஃபில் குழாயை அந்த முள்ளின்மேல் மாட்டி, மெல்ல நிமிர்த்தினான். திரையில் இரண்டு டிஸ்க்கும் வந்து நின்றன.

சாயந்திரம் தாமரைச்செல்வி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

"அண்ணா, அதை வளைச்சது நாந்தானுங்க. எனக்காக அந்த மனுசன்கிட்ட இத்தனை பேச்சு வாங்கிட்டீங்க. ஈவிரக்கமே இல்லாத ஆளுங்க அவரு."

முபஷிர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"காலையில பஸ்ஸை விட்டு இறங்குனதும் உங்க செயலாளர் சார்தான் இதைக் குடுத்தாருங்க தங்கச்சி. 'மேசைக்கடியில கெடந்துச்சு பாய். புள்ள எதையோ திறந்து பாத்திருக்குது. என்ன கெட்டிருந்தாலும் உம்மேல போட்டுக்க. தலைவரு வாயைத் திறக்க முடியாத அளவுக்கு நான் உன்னையத் திட்டிப்போடறேன்'னாரு."

அவள் ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் வந்தது. முபஷிர் காலடியிலிருந்த சாக்கைத் தூக்கித் தோளில் போட்டான். பழுத்த பலாப்பழ வாசனை.

"இதுங்களா? உங்க சார் குடுத்ததுங்க. பேசி வெச்சதுக்கு மேல ரெண்டு வார்த்தை கூடத் திட்டிப்புட்டாராம். அதுக்குங்க."