கோட்டைக் காகம்

லண்டன் பழங்கோட்டையின் புல்வெளியில் ஒரு அண்டங்காகம் மங்கல் வெயிலில் நீலமாக மினுங்குகிறது. பறந்து போய்விடாதபடி அதன் இறகை நறுக்கியிருக்கிறார்கள். வகுப்போடு சுற்றிப் பார்க்க வந்த கஜீபன் வேலியோரம் குந்தி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி சோற்றைப் புல்லில் வைக்கிறான். இன்றைக்கு அப்பா செத்து முப்பத்தோராம் நாள். விசா முடிவு வராமல் இங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது என்பதால் அவன் ஊருக்குப் போகவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். இன்றைக்கு ஊரில், கோண்டாவில் வீட்டில் வைத்த படையலைக் காகம் தொடவில்லையாம். "நீ வைச்சாத்தான் எடுப்பார் போல" என்று அம்மா காலையில் கைபேசியில் சொன்னாள். காகம் கிட்ட வந்து, தலையைச் சரித்துச் சோற்றைப் பார்க்கிறது. "இறைச்சி போட்டாச்சு, அதுக்குப் பசியிராது. சோற்றை எடுத்துவிடுங்கள்" என்று காவலாளி ஆங்கிலத்தில் கனிவாகச் சொல்கிறார். காகம் திரும்பித் தத்தித் தத்திப் போகிறது. கைபேசியில் அம்மா. "எடுத்திட்டுதோ, அப்பு?" அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை பசியில் சிணுங்குகிறது. அங்கே இன்னும் ஒருவரும் சாப்பிடவில்லை. "ஓம் அம்மா, எடுத்திட்டுது." "இலையைப் போடுங்கோ" என்று அம்மா உள்ளுக்குக் குரல் கொடுக்கிறாள். "அவர் உன்னைத் தேடித்தான் அங்கை வந்திருக்கிறார்." கஜீபன் புல்லில் கிடக்கும் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போடுகிறான்.