இருபத்தாறு டிகிரி

"ஏனுங்க பாய், தொட்டிக்குள்ள கைய உட்டு என்ன பண்றீங்க?"

பனியன் கம்பெனி ரிசப்ஷனிஸ்ட் தரணி போட்ட சத்தத்தில் அயர்ன் மாஸ்டர் நஜீமுதீன் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பாலிதீன் கவர். பனியன் பேக்கிங் கவர்தான். வளர்ப்பு மீன் கடையிலும் மீனை அப்படித்தானே கட்டிக் கொடுப்பார்கள்!

அந்தக் கடல்மீன் தொட்டி என்றால் முதலாளி பொங்கியண்ணனுக்கு உசுரு. நாலு பவளம், ரெண்டு ஆரஞ்சு மீன்.

"இருபத்தாறு டிகிரிக்குக் கீழ எறங்கப்படாது அம்மிணி. உன்ற பொறுப்பு" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்.

இன்றைக்குப் பார்த்து மூணு மணிக்கு பனியன் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வருகிறான். காலையிலிருந்து ரிசப்ஷனில் ஒண்டியாளாய் ஓடுகிறாள். ஏசியைப் பதினெட்டில் வைத்தாள். பூ மாற்றினாள். கசங்கிக் கிடந்த சாம்பிள் பனியன்களை அங்கேயே மேஜைமேல் போட்டுத் தேய்த்து அடுக்கினாள். இந்த லட்சணத்தில் திருட்டு வேறா?

தொட்டியின் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தாள். இருபத்திரண்டு! மீன்கள் ரெண்டும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

போச்சு. வேலை போச்சு!

அந்நேரம் பார்த்தா முதலாளி உள்ளே வர வேண்டும்?

"சார், பாய் மீனத் திருடறாருங்க!"

"ஐயோ, இல்லீங்க!" நஜீமுதீன் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெறும் தண்ணீர். "தேய்க்கறதுக்கு சாம்பிள் எடுக்க வந்தனுங்க. தொட்டி சில்லுனு கெடந்துச்சு. அதான் பாய்லர்ல சுடுதண்ணி புடிச்சு, கவர்ல கட்டி மெதக்க உடறேன். நேரா ஊத்துனா மீனு செத்துருமுங்க."

"ஹீட்டருக்கு என்ன கேடு?"

"பிளக்கு லூசா இருந்துச்சுங்க. மாட்டிட்டேன்."

முதலாளி தொட்டிக் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றுகொண்டே இருந்தார். இருபத்திரண்டரை. இருபத்திமூணு. ஒரு மீன் மெல்ல வாலை ஆட்டியது.

"அப்பாடா! நல்ல வேலை பண்ணுனீங்க பாய்" என்று தன் அறைக்குப் போனார்.

தரணிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சுக்குங்க பாய். பதட்டத்துல என்னென்னமோ பேசிட்டேன். பிளக்கு எப்படீங்க லூசாச்சு?"

அவர் மேஜைக்கு அடியில் குனிந்து, ஒயரைச் சுற்றி ஒளித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். காலையில் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவள் மாட்டி, அவசரத்தில் மறந்தே போன அயர்ன் பாக்ஸ்.

"இனிமே சாம்பிள் தேய்க்கோணும்னா எங்கிட்டக் குடுத்துருங்க அம்மிணி."