டிவி பார்க்க வந்தவர்

"நபீஸ் நானாவையெல்லோ வரச் சொன்னனான். நீங்கள் ஆர்?"

கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டார் சவுந்தரநாயகம். சுங்கத் திணைக்களத்தில் ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்தே காலம் தள்ளி, ஓய்வு பெற்றவர். மீன்காரன் சிரித்தால்கூட மீன் பழசு என்று முடிவு கட்டுகிறவர்.

"நபீஸுக்கு இண்டைக்கு வேற வேலை ஐயா. நானும் மருதானையில அதே கடைதான். டிவியைப் பார்த்துட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றார் வெளியே நின்றவர்.

அரைமனதோடு கதவு திறந்தது.

வெள்ளவத்தையில் அந்தத் தொடர்மாடி வீட்டின் பழைய டிவியில், ஒரு வாரமாகப் படத்தின் நடுவே ஊதா நிறக் கோடு விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் யதுஷாவைப் பெண் பார்க்க மெல்பேர்ன் மாப்பிள்ளையின் ஆட்கள் வருகிறார்கள். "புதுசு வாங்குங்கோ, வாற சனம் சிரிக்கப் போகுது" என்று மனைவி அருள்நாயகி ஒரே பிடி. "திருத்தினாக் காணும்" என்று இவர் மறுபிடி. வழக்கமாக டிவி திருத்துகிற நபீஸ் வந்து தீர்ப்புச் சொல்லட்டும் என்று கடைக்குப் போன் போட்டிருந்தார்.

வந்ததோ வேறொரு ஆள். மகளுக்குப் போடவென்று பாங்க் லொக்கரில் இருந்து எடுத்து வந்த நகையெல்லாம் உள்ளறை அலுமாரியில் இருக்கிற நேரம் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவன் ஹோலுக்குள் நிற்பது சவுந்தரநாயகத்துக்குப் பிடிக்கவில்லை.

போதாக்குறைக்கு ஆளின் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. கையில் புத்தம்புதிய ஸ்க்ரூட்ரைவர் ஒன்றே ஒன்று. பல்கனியால் எட்டிப் பார்த்தார். கீழே ஒரு பெரிய கார். டிவி திருத்துகிறவன் இப்படியா வருவான்?

வந்தவர் டிவியின் முதுகை ஒருதரம் தட்டிப் பார்த்தார். கண் மட்டும் சுவர்ப் படங்களிலும் அறைக் கதவுகளிலும் மேய்ந்தது.

"சொந்த வீடோ ஐயா? எத்தினை பேர் இருக்கிறியள்?"

நோட்டம் பார்க்கிறான்! அடித்து விரட்டச் சவுந்தரநாயகத்தின் உடம்பில் பலம் இல்லை. ஆனால் எடுத்துப் போக ஒன்றுமில்லை என்று தெரிந்தால் தானாகவே ஓடிவிடுவான் அல்லவா?

"சொந்த வீடோ! வாடகை, ஐயா. வீட்டுக்காரன் எழும்பச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறான். புதுக்கடைக் கோட்டுக்கு அலைஞ்சு செருப்புத் தேய்ஞ்சதுதான் மிச்சம்."

தேத்தண்ணியோடு வந்த அருள்நாயகி, சொந்த வீட்டின் நடுவில் நின்று புருஷன் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தாள்.

"என்னப்பா நீங்கள்..."

"நீர் சும்மா இரும். உள்ளதைச் சொல்ல என்ன வெக்கம்?"

வந்தவர் தேத்தண்ணியை உறிஞ்சியபடி மெல்லக் கேட்டார். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏதும் சேர்த்து வைச்சிருப்பியள்தானே?"

இனிச் சந்தேகமே இல்லை. கள்ளனேதான்.

"சேர்க்கிறதோ! கடைசிச் சோடிக் காப்பும் அடைவுகடையில கிடக்கு. மீட்க வழியில்லை."

"அப்ப மகள்..."

"அவளோ? இரவில நித்திரையே கொள்ளாள். பொல்லாத கோவக்காரி. கோவம் வந்தால் கையில அம்பிட்டதைத் தூக்கி எறிவாள். போன மாசம் இஸ்திரிப்பெட்டி வந்தது. நான் குனிஞ்சபடியாத் தப்பினன்."

எறும்பு கடித்தால்கூட ஊதிவிடுகிற பிள்ளை யதுஷா. உள்ளறையில் இதைக் கேட்டு மலைத்துப்போய் நின்றாள்.

வந்தவர் சவுந்தரநாயகத்தின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஸ்க்ரூட்ரைவரைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"திருத்தலாம் ஐயா. ஆனால் கனகாலம் நிக்காது. யோசிச்சுச் சொல்லுறன்."

"ஒண்டும் யோசிக்க வேண்டாம். போயிட்டு வாங்கோ."

கதவை இரண்டு பூட்டும் போட்டுப் பூட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி மனைவியிடம் சொன்னார். "பார்த்தீரோ, கள்ளனை எப்பிடிக் கலைச்சனான்!"

மறுநாள் காலை கலியாணப் புரோக்கர் தம்பையா போன் எடுத்தார்.

"ஐயா, நேற்று உங்கட வீட்டை டிவி பார்க்க ஒராள் வந்தவரோ?"

"வந்தவன். அசல் கள்ளன். உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ஐயோ, அவர்தான் மாப்பிள்ளையின்ர தகப்பன்! மருதானையில அந்தக் கடையே அவரின்ரதான். நபீஸின்ர கையில உங்கட விலாசத்தைக் கண்டிட்டு, பொம்பிளை வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கொள்ளாமல் விசாரிப்பம் எண்டு தானே வெளிக்கிட்டு வந்திருக்கிறார்."

சவுந்தரநாயகம் அப்படியே கதிரையில் விழுந்தார். பெற்ற பிள்ளையின் வாழ்வைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாரே!

"தம்பையா, நான் நேற்றுச் சொன்னதெல்லாம்..."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். அவர் எத்தினையோ வீட்டில விசாரிச்சவராம். எல்லா இடமும் புழுகுதானாம். வீடு வழக்கில, நகை அடைவில, பிள்ளை கோவக்காரி எண்டு உள்ளதை உள்ளபடி சொன்ன மனிசன் நீங்கள் ஒருத்தர்தானாம். செய்தால் இந்தச் சம்பந்தம்தான் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். சீதனமும் வேண்டாமாம். உங்கட கஷ்டத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வரேக்க புது டிவி ஒண்டும் கொண்டு வாறாராம்."

சவுந்தரநாயகம் போனை வைத்தார். பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், ஞாயிற்றுக்கிழமை அவையள் வந்து இருக்கேக்க, பிள்ளையை எதையாவது ஒருக்காத் தூக்கி எறியச் சொல்லும்."