டாக்டர் மீன்

வாய் எங்கே இருக்கிறது? அது தெரிந்தால் போதும்.

மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி. அவர் நெற்றி கடல்மீன் தொட்டியோடு ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன், ஒரு நொடி நிற்க மாட்டேன் என்கிறது.

"டாக்டர் மீன் சார். பெரிய மீன் உடம்புல ஒட்டியிருக்கிற பூச்சியெல்லாம் தின்னு சுத்தம் பண்ணிடும்" என்று சொல்லித்தான் கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர் கொடுத்தார். மீனோடு வீட்டுக்கு வந்ததும் இவர், மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டார். பதில் உடனே வந்தது.

"வாயைப் பாருங்க சார். மூஞ்சி நுனியில இருந்தா அசல். கீழே தள்ளி இருந்தா போலி டாக்டர். நைசா கிட்ட வந்து சதையைக் கடிச்சிடும்."

போலி டாக்டர்.

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை.

தொட்டிக்கு ஏஞ்சல் மீன் வந்து ஐந்து வருஷம். அவர் தலை தெரிந்தால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். பத்து நாளாகப் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. தீனி எடுப்பதில்லை. அது போய்விட்டால் அவரால் தாங்க முடியாது.

வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். போலி என்றால் அந்த நிமிஷமே வெளியே.

நீல உடம்பு, நெடுக ஒரு கறுப்புப் பட்டை. புதுமீன் ஏஞ்சலின் எதிரே வந்து மேலும் கீழுமாக ஓர் ஆட்டம் போட்டது. அடேயப்பா, என்ன தளுக்கு! போலியும் இதே ஆட்டம் ஆடுமாம்.

ஏஞ்சல் நின்றது. செவுளைத் திறந்து கொடுத்தது.

சின்னது உள்ளே தலையை விட்டது.

வலை தண்ணீரைத் தொட்டது.

ஏஞ்சல் துள்ளவில்லை. சொக்கிப்போய் நின்றது. சின்னது கொத்திக் கொத்தி வெளியே வந்து, கண்ணாடியோரம் திரும்பியது.

நுனியில்தான் இருந்தது வாய்.

"அசல்! அசல் டாக்டர்!" வாய்விட்டுக் கத்திவிட்டார்.

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெரிய பெரிய டாக்டர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறார். இவ்வளவு பதமான கையைப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இதற்குக் கையே இல்லை.

"டாக்டரய்யா!"

வாசலில் பக்கத்து வீட்டு சகாயராணி. இடுப்பில் துவண்டுபோய்க் குழந்தை. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவரும் திருத்தியதில்லை.

"மூணு நாளா பாப்பாவுக்குக் காய்ச்சல் விடல. எப்பவும் போல ஒரு ஊசி போட்டு விடுங்கய்யா."

அலமாரியில் பை தயாராக இருந்தது. அதை எடுக்கத் திரும்பினார்.

தொட்டியில் சின்னது, செவுளின் மறுபக்கத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது.

அதைப் பார்த்தவர் பையைத் தொடவில்லை.

"ஆட்டோ பிடிம்மா. டாக்டர்கிட்ட போவோம். நானும் வர்றேன்."

"அப்போ நீங்க?"

"நான் கம்பவுண்டர்மா."

அவர் கையில் இன்னும் அந்த வலை சொட்டிக்கொண்டிருந்தது.