ஒரே பக்கம் பார்க்கிறவன்

"மறுபடியும் எண்பத்து நாலுக்கேவா!"

வெர்னன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்தார்.

டெக்ஸாஸில் மே மாத மாலை. பள்ளி மைதானத்தின் தகர கேலரி இன்னும் சுட்டது. வெர்னன் ஒரு பெரிய பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு ஆள் எடுப்பவர். ஐந்து நாளில் இது ஒன்பதாவது பள்ளி. இடுப்பு விட்டுப்போயிருந்தது. மோட்டல் மெத்தைகளைக் கண்டுபிடித்தவன் மேல் அவருக்குத் தனிக் கோபமே இருந்தது.

இன்று பார்க்க வந்தது கோல்ட்டர் என்ற குவார்ட்டர்பேக்கை. பெயர்தான் கால்பந்து, இங்கே வேலையெல்லாம் கைக்கு. யார் எங்கே ஓடுகிறார்கள் என்று மூன்று நொடியில் பார்த்து, சரியான ஆளுக்குப் பந்தை எறிய வேண்டியவன் குவார்ட்டர்பேக். அவனைத் தப்பாக எடுத்தால் அணி போச்சு, எடுத்தவர் வேலையும் போச்சு. வெர்னன் முன்பு எடுத்த இரண்டு பேரும் தேறவில்லை. மூன்றாவதும் தேறாவிட்டால் வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்று தலைமைக் கோச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இருப்பது ஒரே இடம். இவன் ஒருவன், ஓக்லஹோமாவில் இன்னொருவன். இரண்டில் யார் என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

கீழே நடந்த பயிற்சி ஆட்டத்தில் பள்ளிக் கோச் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய் கோல்ட்டர்! வலது பக்கம் ஆள் தனியா நிக்கிறான்டா! கண்ணு தெரியலையா?"

கோல்ட்டர் தலையாட்டினான். அடுத்த பந்தும் இடது பக்கம், எண்பத்து நாலாம் நம்பர் சட்டைக்கே போனது. நேத்தன் என்ற ஒல்லிப் பையன் எகிறிப் பிடித்தான்.

"கை நல்ல கைதான்," என்றார் வெர்னன். "அறுபது கெஜம் எறியறான். உயரம் இருக்கு. அடி வாங்கினா உடனே எழுந்துக்கறான். ஆனா பார்வை? கடிவாளம் கட்டின குதிரைப்பா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைல் சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினான். எங்கோ ஒரு சின்னக் கல்லூரியின் கோச். வயதிலும் சின்னவன்.

"ஆமா கோச். பத்துல எட்டு அவனுக்குத்தான் போகுது," என்றான், நோட்டில் எதையோ குறித்தபடி.

"நீ என்னத்த எழுதுற? இவனெல்லாம் உங்க காலேஜுக்குக் கட்டுப்படியாவானா?"

லைல் சிரித்தபடி நோட்டைச் சற்று மறைத்துக்கொண்டான். யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று இந்தத் தொழிலில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"கூப்பிட்டு ஏன்டா இப்படிப் பண்றேன்னு கேட்டுடலாம். அதுக்கும் வழியில்லை," என்று அலுத்துக்கொண்டார் வெர்னன். பெரிய கல்லூரி ஆட்கள் மே மாதத்தில் பையன்களிடம் ஒரு ஹலோவுக்கு மேல் பேசக்கூடாது. பார்க்கலாம், பார்த்துவிட்டு முடிவு கட்டலாம். விதி அப்படி.

"உங்களுக்குத்தான் கோச் அந்தத் தொல்லை. எங்களை மாதிரி சின்ன ஆளுங்களை யாரும் கண்டுக்கறதில்லை."

அடுத்த பந்தில் எண்பத்து நாலைச் சுற்றி இரண்டு பேர் நின்றார்கள். கோல்ட்டர் அப்போதும் அங்கேயே எறிந்தான். எதிராளி பிடுங்கிக்கொண்டு ஓடினான். பள்ளிக் கோச் கையிலிருந்த அட்டையைத் தரையில் வீசினார்.

"கூட்டாளியா இருப்பான், வேறென்ன," என்றார் வெர்னன். "சொன்னாலும் கேட்கமாட்டேங்கறான். பதினேழு வயசுலேயே தலைக்கனம்."

இப்படி ஒருவனை எடுத்துவிட்டு யாரால் பதில் சொல்ல முடியும்? ஃபோனை எடுத்துத் தலைமைக் கோச்சுக்குத் தட்டினார்.

'இவன் வேண்டாம். ஒரே ஆளைத்தான் பார்க்கிறான். ஓக்லஹோமா பையனை எடுத்துடுங்க.'

ஆட்டம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

'பேசியாச்சு. அவன் சரின்னுட்டான். நீ ஊர் வந்து சேர்.'

அப்பாடா என்றிருந்தது. இனி சொந்தக் கட்டில். எழுந்தபோது இரண்டு முழங்காலும் முறைத்துக்கொண்டன.

"கிளம்பறேன்ப்பா. நீ வரலையா?"

"எண்பத்து நாலைப் பார்த்துப் பேசணும் கோச். இனிமே சொல்றதுக்கு என்ன, அவனுக்கு ஸ்காலர்ஷிப் தரலாம்னு இருக்கேன்."

"நீ அவனைப் பார்க்கவா வந்தே?"

"அவனைத்தான். இதுவரைக்கும் அவனைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லையாம். காலேஜ் கிடைக்கலேன்னா அப்பாவோட எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போயிடுவான். எங்க ஆபீஸ்ல பெட்ரோலுக்கே மூக்கால அழுவாங்க, வருஷத்துல இந்தப் பக்கம் எனக்கு இந்த ஒரு நாள்தான். நல்லவேளை, வந்தேன்."

"அவனைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

"கோல்ட்டர்தான். மூணு தடவை ஃபோன் பண்ணிட்டான். 'வாங்க சார், பந்தெல்லாம் அவனுக்கே போடறேன், நீங்க பார்த்தா போதும். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பதட்டத்துல விட்டுடுவான்'னு ஒரே நச்சரிப்பு."

வெர்னன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். ஃபோன் அவர் கையில்தான் இருந்தது. அனுப்பியதைத் திரும்ப வாங்க வழியில்லை.

"இன்னிக்கு நான் வர்றது அவனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கியது மனசு.

"தெரியாம என்ன கோச்? 'அன்னிக்குப் பெரிய காலேஜ் ஆள் உன்னைப் பார்க்க வர்ற நாளாச்சேடா, அது கெட்டுடாதா'ன்னு நானே அவன்கிட்ட கேட்டேன்." லைல் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தான். "'என்னைப் பார்க்க இன்னும் யாராவது வருவாங்க சார், அவனுக்கு நீங்க ஒருத்தர்தான்'னான்."