ஒரே ஒரு எலியாதா

“காப்பிய நான் எடுத்தார மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் இசைவாணி.

மாப்பிள்ளையின் அப்பா சார்லஸுக்குச் சுருக்கென்றது. பண்ருட்டியிலிருந்து வாடகைக் கார் பிடித்துக் கடலூருக்கு வந்திருக்கிறார். பெயர்ந்த தரை, காலாடும் பிளாஸ்டிக் நாற்காலி, என்ன பேசுவதென்று தெரியாமல் துண்டைத் திருகிக்கொண்டு நிற்கும் அப்பன் சாமிக்கண்ணு. இந்த லட்சணத்தில் பொண்ணுக்குத் திமிர் வேறு.

ஆனாலும் விழுங்கிக்கொண்டார். மஞ்சக்குப்பத்தில் அவளுக்குச் சர்க்கார் வேலை, மாசம் பொறந்தால் சம்பளம். வேறு எவனாவது கொத்திக்கொண்டு போவதற்குள் இன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் சபை உபதேசியாரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“மருமவ கையால காப்பி குடிச்சிட்டுப் போவலாம்னு பாத்தேன்” என்றார் பல்லைக் காட்டி.

“குடிப்பீங்க மாமா. மருமவ கையாலதான் குடிப்பீங்க.”

அந்த ‘மாமா’வில் சார்லஸ் குளிர்ந்துபோனார். உள்ளே டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. “இவகூட சிதம்பரத்துல படிச்ச பொண்ணு. நேத்தே ஒத்தாசைக்கு வந்துடுச்சிங்க” என்றாள் தாய் ராஜாமணி, கேட்காமலே.

“அதெல்லாம் கெடக்கட்டும். கல்யாணம் ஆனதும் பண்ருட்டிக்கு மாத்தல் வாங்கிடணும். ஏடிஎம் கார்டு அத்தைகிட்ட இருக்கட்டும். எங்க வூட்டு வழக்கம் அது.”

“பேசிக்கலாம் மாமா. பையன் பேரு என்ன சொன்னீங்க?”

சார்லஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இந்தக் கேள்விக்காக அவர் எந்த வீட்டிலும் காத்திருப்பார். “எலியாதா.”

“எலி...” என்று இழுத்த சாமிக்கண்ணு, “வூட்ல கூப்புட சின்னதா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?” என்றார்.

“இதுக்குத்தான் நாலு எழுத்து படிச்சிருக்கணும்ங்கறது. எபிரேய பாஷை மச்சான்! தாவீது ராஜாவோட புள்ளைக்கு இருந்த பேரு. ‘தேவன் அறிவார்’னு அர்த்தம். ஒங்க தெருவுல வெக்கிற மாதிரி சாமிக்கண்ணு, மண்ணாங்கட்டின்னு நெனைச்சீங்களா?”

சாமிக்கண்ணு தரையைப் பார்த்தார். உபதேசியார் மட்டும், “ரெண்டாம் சாமுவேல்ல வருது” என்று தலையாட்டி வைத்தார்.

“தேவன் அறிவார்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்த இசைவாணி, மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். “அறிவார். அவருக்குத் தெரியாம என்ன இருக்கு?”

எலியாதா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, செல்போன் கம்பெனியில் வேலை. வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பொம்பளைப் பிள்ளையைக் கண்டால் கூச்சப்படுகிற மாதிரி வளர்த்திருக்கிறோமே என்று சார்லஸுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“வேற யாருக்கும் இந்தப் பேரு இல்லையா மாமா?”

“பிரவுசிங் சென்டர்ல ஒக்காந்து தேடிப் பாத்துட்டேன். வெளிநாட்டுலயே வெரல் வுட்டு எண்ணிடலாம். தமிழ்நாட்டுல ஏம்புள்ள ஒருத்தன்தான்.”

“சிதம்பரம் பக்கம்?”

“எங்கயும் கெடையாதும்மா. ஜானு, பீட்டருன்னா தெருவுக்கு நாலு பேரு. எவனாச்சும் தப்புத்தண்டா பண்ணா எந்த ஜானுன்னு அலையணும். ஏம்புள்ளைக்கு அந்தத் தொல்லையே இல்ல. எலியாதான்னு எவன் எங்க சொன்னாலும் அது இவன்தான்!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால மாத்திப் பேசக் கூடாது.”

சார்லஸுக்குச் சிரிப்பு வந்தது. பரம்பரையிலேயே இப்போதுதான் ஒருத்தி டிகிரி வாங்கியிருக்கிறாள், அதற்குள் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை. வரட்டும், கல்யாணம் முடிந்ததும் இந்த வாயை ஒட்ட நறுக்கிவிடலாம்.

“வேதாகமத்து மேல கைய வெச்சு சொல்லட்டுமா? உபதேசியார் சாட்சி. போதுமா?”

“போதும் மாமா.”

உபதேசியார் மடியிலிருந்த வேதாகமத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினார். சார்லஸ் அதன்மேல் அழுத்தமாகக் கை வைத்தார். “இந்தப் பேருக்கு இவன் ஒருத்தன்தான். ஆமென்.”

“அப்பா, ஏந்திரிங்க... போவலாம்.” மாப்பிள்ளையின் குரல் அப்போதுதான் முதன்முதலாக வெளியே வந்தது. “வெயில் ஏறுது.”

“ஒக்காருடா. வெயில்ல கரைஞ்சா பூடுவ? காப்பி வருது.”

இசைவாணி உள்பக்கம் திரும்பினாள். “கலை, எடுத்தா.”

கதவுத் துணி விலகியது. முதலில் தட்டு வந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த கை. அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு. முழங்கைக்குக் கீழே, பச்சை குத்திய எழுத்துகள் இன்னும் புதுசாக மின்னின.

நேற்றிலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தும் எழுத்துத் தெரியாத ராஜாமணி, எல்லோர் கண்ணும் ஏன் அதிலேயே நிற்கிறது என்று முழித்தாள். உபதேசியார்தான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“எ... லி... யா... தா.”

மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். சார்லஸின் கை இன்னும் வேதாகமத்தின் மேலேயே இருந்தது.

“எடுத்துக்குங்க மாமா, ஒங்க மருமவதான்” என்றாள் இசைவாணி.