அட்டைக் கன்று

மாடு படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அறிவுச்செல்வன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டகைச் சாணத்தில் மண்டியிட்டிருந்தான். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து எடுத்த அட்டை. அதன்மேல் ஒட்டிய நான்கு சார்ட் தாள்களில் இருபது நாள் கன்று ஒன்று நிஜ அளவில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க தம்பி" என்றாள் பெரியநாயகி. வாளியை வைத்துக்கொண்டு மடியருகே குந்தியிருந்தாள்.

கிட்டே கொண்டுபோனான். மாடு காலை உதறியது. வாளி உருண்டது.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் கொட்டகையை விட்டு ரோட்டுக்குப் போன கன்றை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. இன்று திங்கள். அன்றிலிருந்து மாடு பாலை அடக்கிக்கொண்டு நிற்கிறது. மடி கல்லாகிவிட்டது. இன்றும் கறக்காவிட்டால் மடிநோய் வந்து காம்பே போய்விடும். ஊசி போட்டுக் கறக்க அவளுக்கு மனமில்லை. ஒரு தடவை போட்டால் தினமும் ஊசி கேட்கும் என்றாள்.

செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய்க்குக் காட்டிக் கறப்பது வழக்கம். ஆனால் அவள் அழுது முடிப்பதற்குள் நகராட்சி வண்டி வந்து கன்றை எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டது.

அதனால்தான் நேற்றுக் காலை அறிவுச்செல்வன் வீட்டுக் கதவைத் தட்டினாள். தருமபுரத்தில் கபீர் பாயின் செல்போன் கடையில் அவன் வரைந்த நாய் ஒன்று மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத் தெருநாய்கள் குரைக்கும்.

"ராத்திரியெல்லாம் கம்பெனி வேன் ஓட்டுறீங்க, பகலெல்லாம் தூக்கம். எங்க கன்ன நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க" என்று போனில் இருந்த ஒரே போட்டோவைக் காட்டினாள். போன வாரம் எடுத்தது.

"பாத்ததில்லக்கா" என்றான்.

வரைய முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று முழுக்க வரைந்தான். ஆயில் பேஸ்டல் பெட்டியில் செவலை என்று ஒரு நிறம் கிடையாது. பழுப்பைத் தேய்த்து, மேலே ஆரஞ்சைத் தேய்த்து, கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து விரலால் இழுத்தான். புழுக்கத்தில் குச்சிகள் வெண்ணெயாக இளகின. பேஸ்டல் தடித்துப்போன இடத்தில் கலர் பென்சில் வழுக்கியது. பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி மெல்லிசாகப் பூசினான். பிறகு பென்சிலைச் சீவிச் சீவி ஒவ்வொரு மயிராகப் போட்டான். முதுகில் படிந்த மயிர், தொடையில் சுழித்த மயிர், காதுக்குள் இளஞ்சிவப்பில் பூனைமயிர்.

எழுந்து வாசல்வரை போவான். திரும்பி வந்து உட்காருவான். மறுபடி எழுவான்.

கண் மட்டும் வரவில்லை. கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் எந்தக் கண்ணும் விழித்துக்கொள்ளும். இது விழிக்கவில்லை. ஐந்து தடவை சுரண்டினான். தாள் நைந்து அட்டை தெரிந்தது.

கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது நாளாக அவன் ஷிப்டுக்குப் போகவில்லை. இனிமேல் போகப்போவதுமில்லை. போனை அணைத்துப் போட்டான்.

இப்போது பெரியநாயகியின் வீட்டுக்காரர் தங்கையன் வாயில் பிரஷ்ஷோடு கொட்டகைக்கு வெளியே வந்து நின்றார்.

"ஏம்ப்பா, மாட்டுக்கே படம் காட்டுறியா? டிக்கெட்டு எவ்ளோ?"

"பல்லு வெளக்க வந்தவரு பல்ல மட்டும் வெளக்குங்க" என்று பெரியநாயகி எழுந்தாள். மூலையில் கன்று படுத்துக்கிடந்த சாக்கு இருந்தது. அதை எடுத்து உதறாமல் அட்டையின் பின்பக்கம் தொங்கவிட்டாள். ஒரு முனையைக் கன்றின் முதுகுக்கு மேலே இழுத்துப் போட்டாள்.

மாடு திரும்பியது.

சாக்கை மோந்தது. நீளமாக மூச்சு விட்டது. அடித்தொண்டையில் ஏதோ சொன்னது. பிறகு நாக்கை நீட்டி, வரைந்த கழுத்தை நக்கத் தொடங்கியது. செவலை நிறம் நாக்கில் ஒட்டியது.

வாளியில் முதல் பீச்சு சர்ரென்று விழுந்தது.

"விட்டுடுச்சுடி!" என்றார் தங்கையன், பல் நுரை தெறிக்க. வாய் கொப்பளிக்கப் பைப்படிக்குப் போனார்.

அறிவுச்செல்வனுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

பெரியநாயகி நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக் கறந்தாள். எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கன்று. மாடு நக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கறந்தாள்.

கை நின்றது.

"இந்தக் கறுப்புக் கயிறும் சோழியும்…" என்றாள். "கண்ணு பட்டுடக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப் போறப்பதான் கட்டுனேன். போட்டோவுல இது கெடயாதே."

அவன் குனிந்து பார்த்தான். கழுத்தில் கயிறு இருந்தது. கயிற்றில் சோழி இருந்தது. பென்சிலைக் கூராகச் சீவி, சோழியின் பற்களைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டிருந்தான்.

அட்டை நடுங்கியது. மாடு நாக்கை இழுத்துக்கொண்டு பின்காலை மாற்றி வைத்தது. மடி பாதிகூட வற்றவில்லை.

பெரியநாயகி அவன் முகத்தைப் பார்த்தாள். பைப்படியில் தண்ணீர்ச் சத்தம் நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காம்பைப் பிடித்தாள்.

"ஆடாமப் புடிடா."